தலையணை உயரம்

கட்டில் போன பிறகு முதல் தடவையாக அவர் பாட்டுப் போட்ட அன்று, சமையலறை அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்த டம்ளர்கள் எல்லாம் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நடுங்கின. நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டு அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன். கூடத்திலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. தெரிந்த பாட்டுதான், எங்கள் பையன் ஆயிரம் தடவை போட்டுத் தேய்த்த பாட்டு. குரலில் ஒரு குறையும் இல்லை. ஆனால் குரலுக்கு அடியில், காலித் தண்ணீர்த் தொட்டிக்குள் யாரோ உட்கார்ந்து உலக்கையால் இடிப்பதைப் போல 'தும் தும்' என்று ஒரு சத்தம் வந்து நேராக வயிற்றில் இறங்கியது. நான் கூடத்துப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

"என்னங்க அது, வீடு இடிஞ்சு விழுற மாதிரி?" என்று அங்கிருந்தே கத்தினேன்.

"தெரியல. என்னமோ கெட்டுப்போச்சு" என்றார்.

சத்தம் நின்றது. செருப்பை மாட்டும் ஓசை கேட்டது. பிறகு வாசல் கதவு, அதன் பிறகு வேன் கதவு. அவ்வளவுதான், போய்விட்டார். போய்விட்டார் என்றால் ஊருக்கு இல்லை. வீட்டு வாசலில் நிற்கும் தன் பள்ளிக்கூட வேனுக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகளை எல்லாம் அவரவர் வீட்டில் இறக்கிவிட்டு வண்டியை வாசலில் நிறுத்திய பிறகும் இறங்காமல் அதிலேயே உட்கார்ந்திருப்பது கொஞ்ச நாளாக அவருக்கு வழக்கமாகியிருந்தது. முதலில் வண்டியைத் துடைக்கிறார் என்று நினைத்தேன். பிறகு கணக்குப் பார்க்கிறார் என்று நினைத்தேன். ஒருநாள் பொறுக்க முடியாமல் டீயை எடுத்துக்கொண்டு போய் எட்டிப் பார்த்தால், மனுஷன் ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, ஓடாத வண்டியை ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கண்ணாடியைத் தட்டினேன். கண்ணாடியை இறக்கி டீயை வாங்கிக்கொண்டு மறுபடி ஏற்றிக்கொண்டார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. கோபம் என்று சொல்கிறேன், அது பயம். பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தாயிற்று. புருஷனையும் அந்தத் தகர டப்பாவுக்குத் தூக்கிக் கொடுக்க நான் தயாராக இல்லை. அவர் வீட்டுக்குள் வந்து உட்கார வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம். சிரிக்க வேண்டாம், பேசவும் வேண்டாம், உள்ளே வந்து உட்கார்ந்தால் போதும். அன்றைக்குப் பாட்டுப் போட்டாரே, அதுவே நான் நச்சரித்து நச்சரித்துப் போட வைத்ததுதான். அதுவும் இப்படி முட்டிக்கொண்டு நின்றது.

எங்கள் வீட்டுக் கூடத்தில் பாட்டு வந்த கதையைச் சொல்ல வேண்டும். அது முழுக்கப் பையனுடைய வேலை. அவனுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே கால் பலம் குறையத் தொடங்கிவிட்டது. தசையைத் தின்கிற வியாதி. காலைத் தின்றுவிட்டு இடுப்புக்கு வந்தது, இடுப்பிலிருந்து கைக்கு வந்தது. மருத்துவர்கள் முதலிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். சொன்னபடியே நடந்தது, அதில் மட்டும் ஒரு குறையும் வைக்கவில்லை. உள் அறை சின்னது என்பதால், தலைப்பக்கம் தூக்குகிற மாதிரி இரும்புக் கட்டில் ஒன்று வாங்கிக் கூடத்தின் நடுவில் போட்டோம். என் தையல் மிஷின் ஜன்னலோரம், அவருடைய நாற்காலி பின்சுவரை ஒட்டி, நடுவில் ராஜா மாதிரி இவன். திரைச்சீலை, தலையணை உறை தைப்பது என் தொழில். நாள் முழுக்க மிஷின் கடகடவென்று ஓடும். அதற்கு மேல் சத்தம் வைத்துக்கொண்டு அவன் பாட்டுக் கேட்பான்.

பழைய ஸ்பீக்கர் இரண்டை அவன்தான் எங்கோ தேடிப் பிடித்தான். அவர் வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார். இடுப்பு உயரத்துக்கு மரப்பெட்டி மாதிரி இருக்கும். வந்த முதல் வாரம் ஒரே கொண்டாட்டம். அடுத்த வாரம் துரைக்குத் திருப்தி இல்லை.

"அப்பா, ஒரு மைக் வாங்கணும்."

"மைக்கா? நீ பாடப்போறியா?"

"நான் பாடல. இந்த ரூம்தான் பாடுது. ஸ்பீக்கர் பாடுறப்ப இதுவும் கூடச் சேர்ந்து, பாடத் தெரியாம பாடுது. அது வாயை மூடணும்."

அவருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. படுத்த இடத்திலிருந்தே எங்கள் இரண்டு பேருக்கும் பாடம் எடுத்தான். சத்தம் ஸ்பீக்கரிலிருந்து நேராகக் காதுக்கு வருவதில்லையாம். சுவரில் முட்டி, தரையில் முட்டி, மூலையில் போய்த் தேங்கி, அதுவும் சேர்ந்துதான் வருமாம். சில சத்தத்தை அறை ஊதிப் பெரிசாக்கிவிடும், சில சத்தத்தை விழுங்கிவிடும். மைக்கை வைத்து அளந்தால், எதை எவ்வளவு ஊதுகிறது என்று லேப்டாப் படம் போட்டுக் காட்டும். அதைப் பார்த்து, அறை எதைக் கூட்டுமோ அதை முன்கூட்டியே குறைத்து அனுப்பலாம். "உப்புக் கரிக்கிற தண்ணியில சமைக்கிறப்ப நீ உப்பைக் குறைச்சுப் போடுறல்ல, அதேதாம்மா" என்றான். ரூம் கரெக்ஷன் என்று அதற்குப் பெயராம். அவனுக்கு விரல் நுனி மட்டும்தான் அப்போது ஆடும். அந்த நுனியை வைத்து ராத்திரி பகல் பார்க்காமல் படித்துத் தெரிந்துகொண்டிருந்தான்.

அதற்கு முன்னால் என் தலையில் வேறு ஒரு வேலை விழுந்தது. "டெய்லரம்மா, உன் குப்பைக்கெல்லாம் வேலை வந்திருக்கு" என்றான். கத்தரித்து மிஞ்சிய துண்டுத் துணிகளை நான் மூட்டை கட்டி வைப்பேன், எப்போதாவது யாராவது வந்து எடுத்துப் போவார்கள். அவற்றை நீளமான பைகளில் திணித்துத் தைத்து, கூடத்தின் மூலைகளில் கூரை வரைக்கும் நிறுத்தச் சொன்னான். மூலையில் தேங்குகிற சத்தத்தை அது குடித்துவிடுமாம். தைத்தேன். பார்க்கிறவர்கள் எல்லாம் "இது என்ன, மூலைக்கு மூலை ஆளை நிறுத்தி வச்சிருக்கீங்க?" என்று கேட்டார்கள். "காவலுக்கு" என்பான் பையன்.

அளக்கிற நாள் வந்தால் வீடே கிடுகிடுத்துப் போகும். அவனைத் தூக்கிச் சக்கர நாற்காலியில் வைத்து வாசல் நிலைக்குத் தள்ள வேண்டும். ஆனால் கட்டில், மெத்தை, தலையணை எதையும் அசைக்கக் கூடாது, அவை இருந்தால்தான் அது அந்த அறை. மைக் ஸ்டாண்டைக் கட்டிலுக்கு அடியில் நுழைத்து, அதன் கையை வளைத்து, அவன் காது இருக்கிற இடத்துக்கு நேராக மைக் வரும்படி அவர் வைப்பார். என் தையல் டேப்பை எடுத்து ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் மைக் வரைக்கும் அளப்பார். "ஒரு விரல் அளவு இடப்பக்கம். போதும் போதும், அவ்வளவு வேணாம். டிரைவர், வண்டியை ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி எடுக்காதீங்க, மெதுவா." இப்படி வாசலிலிருந்து உத்தரவு வந்துகொண்டே இருக்கும். நான் ஃபேனை நிறுத்தி, ஃப்ரிட்ஜை நிறுத்தி, மிஷினிலிருந்து எழுந்து வந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அளக்கும்போது ஒருவரும் வாயைத் திறக்கக் கூடாது. இருமினாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஸ்பீக்கரிலிருந்து ஒரு சத்தம் கிளம்பும். அடிவயிற்று உறுமலாக ஆரம்பித்து, ஏறி, ஏறி, விசிலாகி, கடைசியில் கொசுவாகிக் காணாமல் போகும். லாரி ஒன்று மேடேறி அப்படியே கொசுவாக மாறிப் பறந்துவிட்டதாக அவர் சொல்வார். ஒவ்வொரு தடவையும் சொல்வார். ஒவ்வொரு தடவையும் பையன் சிரிப்பான்.

லேப்டாப்பில் கோடு ஒன்று மேடும் பள்ளமுமாக வரும். "மேட்டை மட்டும் வெட்டுங்கப்பா. பள்ளத்துல கொட்டாதீங்க. எவ்வளவு கொட்டினாலும் ரூம் முழுங்கிடும், ஆம்ப்ளிதான் சூடாகும்" என்பான். அவர் கை அவன் சொன்ன இடத்தில் சொன்னபடி அமுக்கும். ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பார்க்கிற தம்பி ஒருவர் அவ்வப்போது வீட்டுக்கு வருவார். ஆம்ப்ளி டாக்டர் என்று பையன் அவருக்குப் பெயர் வைத்திருந்தான். அந்த டாக்டர் ஒருநாள் இதையெல்லாம் பார்த்துவிட்டு, "ஒரே இடத்துலயா அளந்தே? தலைக்குச் சுத்திலும் நாலஞ்சு இடத்துல அளக்கணும்டா. ஆளு அப்படி இப்படித் தலையைத் திருப்புவான்ல?" என்றார்.

"நான்தான் திருப்புறதில்லையே அண்ணே" என்றான் இவன். "உலகத்துலயே அசையாத ரசிகன் நான் ஒருத்தன்தான். எனக்கு ஒரு இடம் போதும்."

டாக்டர் சட்டென்று லேப்டாப்பைப் பார்த்துக் குனிந்துகொண்டார். நான் மிஷினை ஓட்ட ஆரம்பித்தேன். துணியே இல்லாமல் கொஞ்ச தூரம் ஓட்டினேன்.

அந்த அளவு அவனுக்கு மட்டும் எடுத்த அளவு. மிஷினிலிருந்து கேட்டால் பாட்டு கொஞ்சம் கொழகொழவென்றுதான் இருக்கும். அவர் நாற்காலியிலிருந்து கேட்டால் இன்னும் மோசம். சொன்னால், "இது என் உடம்புக்குத் தைச்ச சட்டைம்மா, உனக்கு எப்படிச் சேரும்?" என்பான். எங்களுக்கும் கேட்டுப் பார்க்க ஆசைதான். ஆனால் அந்த இடத்தில் தலை வைத்துக் கேட்க வேண்டுமானால் அவனைத் தூக்கி இறக்க வேண்டும். "தூக்கி வைங்க, ஒரு பாட்டு, ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் படுத்துக் கேளுங்க" என்று எத்தனையோ முறை சொன்னான். அவனைத் தூக்கினால் அவனுக்கு வலிக்கும். வலிக்கவில்லை என்று பொய் சொல்வான். அதனால் நாங்கள் கேட்கவே இல்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்பதைப் பார்ப்போம், எங்களுக்கு அதுவே போதுமாக இருந்தது.

கடைசி மாதங்களில் அவன் குரல் நூலாகிவிட்டது. என்ன சொல்கிறான் என்று தெரிய வேண்டுமானால் முழங்காலை மடக்கி, முதுகை வளைத்து, காதை அவன் வாயருகே கொண்டுபோக வேண்டும். எனக்கு இடுப்பு வலி என்பதால் அவர்தான் அப்படிக் குனிந்து நிற்பார். பெரும்பாலும் அது வேறொன்றுமில்லை, "அடுத்த பாட்டு" என்பதுதான்.

அவன் போன பிறகு, கட்டிலை என் நாத்தனார்தான் ஆளைக் கூட்டிவந்து எடுத்துப் போகச் செய்தாள். நல்ல எண்ணத்தில்தான் செய்தாள். முதியவர்களைப் பார்த்துக்கொள்கிற இல்லம் ஒன்றுக்குத் தேவைப்பட்டது. சக்கர நாற்காலியும் கூடவே போனது. "கண்ணெதிர்ல கிடந்தா நீங்க எந்திரிக்கவே மாட்டீங்க அண்ணி" என்றாள். சரியென்று தலையாட்டினேன். கட்டில் போன பிறகுதான் கூடம் எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. கட்டிலின் நான்கு சக்கரம் பதிந்த இடம் மட்டும் தரையில் கறுப்பாக, துடைக்கத் துடைக்கப் போகாமல் நின்றது. அவர் அதைச் சுற்றிக்கொண்டு நடப்பார். நானும்தான். இரண்டு பேரும் இல்லாத கட்டிலில் இடித்துக்கொள்ளாமல் நடந்தோம்.

'தும் தும்' வந்த மறுநாள் ஆம்ப்ளி டாக்டரை வரச் சொன்னேன். வந்தார். கழற்றிப் பார்த்தார், பாட்டைப் போட்டு அங்கும் இங்கும் நடந்து கேட்டார். என் வீட்டுக்காரர் வேனில் இருந்தார், வரவில்லை.

"எதுவும் கெடலக்கா" என்றார் டாக்டர். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். "மெத்தை, தலகாணி, அவ்வளவு பெரிய கட்டில், எல்லாம் போயிடுச்சில்ல? அது கொஞ்சம் சத்தத்தைக் குடிச்சுக்கிட்டிருந்தது. இது பழைய ரூமுக்குப் போட்ட அளவு. இப்ப இது வேற ரூம்."

"அவன் போட்டு வச்சது?"

"அது பத்திரமா இருக்கும். அழியாது. ஆனா அந்த அளவுக்கு ஏத்த ரூம் இப்ப எங்கயும் இல்லையேக்கா." சொல்லிவிட்டு அவரே சங்கடப்பட்டு மூக்கைத் தேய்த்துக்கொண்டார். "புதுசா ஒருக்க அளந்துட்டா சரியாயிடும். நான் வேணும்னா வந்து செஞ்சு தர்றேன்."

எனக்கு அப்போதுதான் ஒன்று தோன்றியது. "வேணாம் தம்பி" என்றேன். "அவரே செய்யட்டும்."

டீயோடு வேனுக்குப் போனேன். இந்தத் தடவை கண்ணாடியைத் தட்டவில்லை. மறுபக்கக் கதவைத் திறந்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஏறி உட்கார்ந்துகொண்டேன். வேனுக்குள் பிள்ளைகள் சிந்திய மிட்டாய் வாசம் அடித்தது. எதிரே தெருவில் ஒரு நாய் படுத்திருந்தது. இதைத்தான் தினமும் பார்க்கிறார் போலும்.

"எதுவும் கெடலையாம். புதுசா அளக்கணுமாம்" என்றேன்.

"அளக்கச் சொல்லு."

"நீங்கதான் அளக்கணும்."

"எனக்கு என்ன தெரியும்? தலை அவன். நான் வெறும் கைதானே."

"கைக்கு ஞாபகம் இருக்காதா? எத்தனை தடவை வச்சிருக்கீங்க. கையை விடுங்க, அது பாட்டுக்குச் செய்யும்."

அவர் ஸ்டியரிங்கைத் துடைத்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்துவிட்டது. "இங்க பாருங்க, எனக்குத் தனியா அந்தக் கூடத்துல உக்கார முடியல. மிஷின் ஓடுறப்ப பரவாயில்ல. நிறுத்தினா காது அடைக்குது. நீங்க இங்க வந்து உக்காந்துக்கிட்டா நான் எங்க போய் உக்கார்றது? எனக்கு வேன் இல்லையே" என்றேன். சொல்லி முடித்ததும் அது எனக்கே வேடிக்கையாகப் பட்டது. அவருக்கும் பட்டிருக்க வேண்டும். உதட்டோரம் ஏதோ அசைந்தது. சிரிப்பு என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், சொல்லாமல் கொள்ளாமல், அலமாரி மேலிருந்து மைக் டப்பாவை எடுத்துக் கீழே வைத்தார். லேப்டாப்பை மிஷின் பலகையில் வைத்துத் திறந்தார். வாசிக்க மூக்குக் கண்ணாடி வேண்டியிருந்தது. ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்து, டாக்டருக்குப் போன் போட்டு, "இந்தப் பச்சை பட்டனா? மொதல்ல சத்தத்தைக் குறைக்கணுமா?" என்றெல்லாம் கேட்டார். இரண்டு தடவை தப்பாக அமுக்கி எல்லாவற்றையும் மூடிவிட்டுத் திறந்தார். நான் வாயையே திறக்கவில்லை. எனக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

பிறகு ஸ்டாண்டை எடுத்தார். அங்கேதான் அவர் கை தயங்காமல் ஓட ஆரம்பித்தது. ஸ்டாண்டின் மூன்று காலையும் விரித்தார். கையை நீட்டி, முடுக்கி, மைக்கைச் சொருகினார். என் பக்கம் பார்க்காமலே கையை நீட்டினார், நான் டேப்பைக் கொடுத்தேன். இடது ஸ்பீக்கரிலிருந்து அளந்தார். வலது ஸ்பீக்கரிலிருந்து அளந்தார். ஒரு விரல் அளவு நகர்த்தினார். தரையிலிருந்து உயரம் பார்த்தார். தலையைச் சாய்த்து ஒரு கண்ணை மூடிச் சரிபார்த்தார். இத்தனை நாளில் அவர் முகத்தில் அப்படி ஒரு கவனத்தை நான் பார்க்கவில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிருந்தது, அதனால்தான் அது உடனே கண்ணில் படவில்லை.

ஃபேனை நிறுத்திவிட்டு, ஃப்ரிட்ஜை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தபோதுதான் பார்த்தேன்.

மைக் அவர் நாற்காலியருகே இல்லை. என் மிஷினருகேயும் இல்லை. கறுத்த நான்கு அடையாளங்களுக்கு நடுவே, தலைமாட்டுப் பக்கம், தலையணை உயரத்தில், ஒன்றுமில்லாத காற்றில் நின்றுகொண்டிருந்தது.

"என்னங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் பட்டனை அமுக்கிவிட்டு, பழக்கப்படி உதட்டில் விரல் வைத்துக்கொண்டு வாசல் நிலைக்கு ஓடிவந்துவிட்டார். அளக்கும்போது பேசக் கூடாது. முன்பு சக்கர நாற்காலி நின்ற இடத்தை விட்டுவிட்டு, நிலையின் ஆளுக்கொரு பக்கமாக ஒட்டிக்கொண்டு நின்றோம். உறுமல் கிளம்பியது. மூலையிலிருந்த துணி மூட்டைகளைத் தாண்டி, சுவரில் ஏறி, வெறும் தரையில் ஓடி, விசிலாகி, கொசுவாகித் தொலைந்தது. லாரியைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. வலது ஸ்பீக்கருக்கும் ஒருமுறை. முடிந்த பிறகாவது இடம் தப்பு என்று சொல்லியிருக்கலாம். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கோட்டில் மேடுகளை மட்டும் தேடித் தேடி வெட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகு எனக்கு வாய் வரவில்லை. "பள்ளத்துல கொட்டக்கூடாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஸ்டாண்டை மடக்கி டப்பாவில் வைத்துவிட்டு, அதே பாட்டைப் போட்டார். நாற்காலியில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். டம்ளர்கள் இப்போது நடுங்கவில்லை. ஆனால் அவர் முகம் மெல்லச் சுருங்குவதை மிஷினிலிருந்து பார்த்தேன்.

"இன்னும் வருதே" என்றார்.

"கொஞ்சம் பரவாயில்லைங்க" என்றேன்.

"இல்ல. வருது. எங்கயோ தப்புப் பண்ணிட்டேன்."

எழுந்தார். செருப்பைத் தேடப்போகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் வண்டியில் எங்கிருந்தோ வருகிற சத்தத்தைத் தேடுகிற மாதிரி, காதைச் சாய்த்துக்கொண்டு கூடத்துக்குள் நடக்க ஆரம்பித்தார். ஸ்பீக்கரருகே போனார். மூலைக்குப் போனார், துணி மூட்டையைத் தட்டினார். ஜன்னல் பக்கம் வந்தார். திரும்பினார். கறுப்பு அடையாளத்தைச் சுற்றிக்கொண்டு போகிறவர், அன்றைக்கு என்னவோ அதைத் தாண்டி உள்ளே காலை வைத்தார். நின்றார். தலையைச் சாய்த்தார். கொஞ்சம் குனிந்தார். இன்னும் கொஞ்சம். முழங்காலை மடக்கி, முதுகை வளைத்து, காதைக் கீழே கீழே கொண்டுபோனார். ஓரிடம் வந்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

அந்த வளைவை நான் எத்தனை நாள் பார்த்திருக்கிறேன். மாதக் கணக்கில் அவர் முதுகு அப்படித்தான் வளைந்து நின்றது. எதிரே வாய்தான் இல்லை.

பாட்டு ஓடியது. அவர் நிமிரவில்லை. எழுந்து போய் அவர் தோளைத் தொட்டேன். கண்ணைத் திறக்காமல், "இங்கதான் வச்சேனா?" என்று கேட்டார்.

"ஆமா."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"சொல்லலையே."

"பேசக் கூடாதே" என்றேன். குரல் உடைந்துவிட்டது. அழுதேன். அவன் போன அன்றுகூட வந்தவர்களுக்கு டீ போடுவதிலேயே பொழுது போய்விட்டது, இப்படி அழவில்லை. அவர் என்னை அழ விட்டார். பிறகு மெல்ல இறங்கித் தரையில் உட்கார்ந்துகொண்டு, என் கையைப் பிடித்து இழுத்தார். "உக்காரு. கால் மடக்கி உக்கார்ந்தா காது சரியா அந்த உயரத்துக்கு வரும். வந்து கேளு."

உட்கார்ந்தேன். அவர் நகர்ந்து இடம் விட்டார். தலையை ஒரு விரல் அளவு இடப்பக்கம் சாய்த்ததும், அடியிலிருந்த இடி, கொழகொழப்பு எல்லாம் ஒரேயடியாக விலகிவிட்டன. ஸ்பீக்கர் இரண்டும் காணாமல் போயின. அந்தப் பெண் எனக்கு நேரே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்று பாடினாள். அடுத்த அடிக்கு அவள் மூச்சு எடுப்பது கேட்டது. அடப்பாவி, இதையா கேட்டுக்கொண்டிருந்தாய் இத்தனை நாள். இதைத்தானா மாற்றி மாற்றிக் கேளுங்கள் என்று சொன்னாய்.

"கேக்குதா?" என்றார் அவர், பக்கத்திலிருந்து.

தலையாட்டினேன். தலையாட்டியதில் அது கலைந்துபோனது. அசையாமல் இருந்தால்தான் மறுபடி வந்தது.

"நீங்க வாங்க" என்று நகர்ந்தேன்.

"நீ கேளு. நான் கேட்டுட்டேன்."

"அரை பாட்டுத்தான் கேட்டீங்க. வாங்க."

"இருக்கட்டும், நீ கேளு." பிறகு, "அடுத்த வாரம் நாற்காலிகிட்ட வச்சு மறுபடி அளக்கணும்" என்றார்.

"அளக்கலாம். இப்ப என்ன அவசரம்?"

ஜன்னல் வழியே வேன் தெரிந்தது. கண்ணாடி ஏற்றியபடி, ஓட்டுநர் இருக்கையில் யாரும் இல்லாமல் வெயிலில் நின்றது. அந்தப் பாட்டு முடிந்து அடுத்தது தானாகத் தொடங்கியது. அவர் போகவில்லை, நானும் எழுந்திருக்கவில்லை. நான்கு கறுப்பு அடையாளங்களுக்குள் ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்திருந்தோம். நீங்கள் வாருங்கள் என்று நானும், நீ கேள் என்று அவரும் விலகிக்கொண்டே போனதில், நடுவில் ஒரு தலைக்கு மட்டும் இடம் காலியாக இருந்தது. பாட்டு அந்த இடத்துக்கு வந்துகொண்டே இருந்தது.